பாடக் குறிப்பா, பாராட்டுப் பத்திரமா?

அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங் (வீட்டிலேயே பள்ளிப் படிப்பு) முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளி அலுவலகம் செய்யும் வேலையெல்லாம் பெற்றோர் தலையில் விழுகிறது. டிரான்ஸ்கிரிப்ட் (பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய பட்டியல்), பாடக் குறிப்புகள் (ஒவ்வொரு பாடத்திலும் என்ன படித்தார்கள் என்ற சுருக்கம்), பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்ப உதவும் காமன் ஆப் தளத்தில் கவுன்சிலர் (பள்ளி ஆலோசகர்) நிரப்ப வேண்டிய பகுதி எல்லாமே வழக்கமாக அம்மா அல்லது அப்பா பொறுப்புதான்.

இதில் முதல் தவறு, எழுத்து வேலையை 12ஆம் வகுப்புவரை தள்ளிப்போடுவது. 9ஆம் வகுப்பில் எந்தப் பதிப்பைப் படித்தோம், எந்த அத்தியாயங்களை விட்டோம் என்பது அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடைசியில் பாடநூலின் பின்னட்டை வாசகத்தை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பதிப்பகம் புத்தகத்தை விற்க எழுதியது அது. உங்கள் பிள்ளை என்ன படித்தான் என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஒவ்வொரு பாடமும் முடிந்த வாரத்திலேயே அரைப் பக்கம் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, பாராட்டு. "உயிரியலின் வியத்தகு உலகை மிகுந்த ஆர்வத்தோடு ஆராய்ந்தாள்" என்று எழுதினால் சேர்க்கை அலுவலர் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "உயிரியல், ஆய்வகத்துடன், 1 கிரெடிட். செல், மரபியல், பரிணாமம், சூழலியல். வெங்காயத் தோலின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைதல், மண்புழு அறுத்தாய்வு உட்பட 12 சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் எழுத்து அறிக்கை. மதிப்பீடு: தேர்வுகள் 50%, ஆய்வக அறிக்கைகள் 30%, கட்டுரை 20%." (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு.) இதோடு பாடநூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, பாடம் நடத்தியவர் யார் என்பதையும் சேர்த்தால் போதும். மகளின் ஆர்வத்தைச் சொல்ல கவுன்சிலர் கடிதம் இருக்கிறது, அங்கே தாராளமாகச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணை வருடக் கடைசியில் குத்துமதிப்பாகப் போடுவதும் தவறுதான். எதற்கு எத்தனை சதவீதம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். வரிசையாக ஏ போட்ட டிரான்ஸ்கிரிப்டுக்குத் துணையாக ஏபி தேர்வோ (பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) வகுப்போ இருந்தால் பேச்சே வேறு.

கிரெடிட் கணக்குக்குப் பலரும் கார்னகி அலகைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 120 மணி நேரம். சரி, ஆனால் ஒரே வரலாற்று நாவலை ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் முழுசாகக் கணக்கு காட்டாதீர்கள். மணிக்கணக்கே எழுதுவதா வேண்டாமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் யாரும் கேட்பதில்லை. பென்சில்வேனியாவில் 180 நாள், அல்லது உயர்நிலை வகுப்புகளுக்கு 990 மணி நேரம் என்று சட்டமே சொல்கிறது. போர்ட்ஃபோலியோவும் (பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பு) வைத்திருக்க வேண்டும்.

எல்லாத் தாளையும் பெட்டி பெட்டியாகச் சேர்ப்பதும் வேண்டாத வேலை. திருத்தி மதிப்பெண் போட்ட கட்டுரைகள் சில, ஆய்வக நோட்டு, படித்த நூல்களின் பட்டியல் போதும். அவற்றை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். பாடத்தின் பெயர் டிரான்ஸ்கிரிப்டிலும் குறிப்பிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பிள்ளை விளையாட்டில் கெட்டி என்றால் இன்னொன்று: கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பிரிவு 1, 2இல் ஆட விரும்புவோரிடம் ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் தனிப் படிவம் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தை 9ஆம் வகுப்பிலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.