ஐந்து எழுத்தைக் கலைத்துப் போட்டு ஆங்கிலச் சொற்கள் கண்டுபிடிப்பது எப்படி?

விகடகவி என்ற சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான். அதையே ஆங்கில எழுத்தில் எழுதிக் கடைசியிலிருந்து படித்துப் பாருங்கள், ‘இவகடகிவ்’ என்று ஏதோ வரும். மலையாளம் இதற்கு நேர் எதிர். தமிழில் திருப்பினால் வாயில் நுழையாது. ஆங்கிலத்தில் எழுதினால் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மலையாளமேதான்.

காரணம் எளிது. ‘வி’ நமக்கு ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அது இரண்டு: மெய் தனி, உயிர் தனி. கொடுத்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் விளையாட்டில் நம் பிள்ளைகள் திணறுவதும், வழி புரிந்தபின் வெளுத்துக் கட்டுவதும் இந்த ஒரு விஷயத்தால்தான் என்பது என் எண்ணம். உயிர்மெய்யைப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிய பாடமே இல்லை.

அக்கா மகள் ஆறாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவளோடு உட்கார்ந்து விளையாடியதில் படிந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை

கொஞ்சம் அட்டை, ஒரு ஸ்கெட்ச் பேனா. பழைய காலண்டர் அட்டையில் சாமி படம் இருக்கும், அம்மா வெட்ட விடமாட்டார். கல்யாணப் பத்திரிகைக்கும் அதே சட்டம். நான் சட்டைப் பெட்டியை வெட்டினேன். ஐந்து சதுரங்கள் போதும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு ‘எம்’ தலைகீழாகி ‘டபிள்யூ’ ஆகும், ‘என்’ படுத்துக்கொண்டு ‘இசட்’ ஆகும், சண்டை வரும்.

எழுதவேண்டிய எழுத்துகள்: ஏ, இ, ஆர், எஸ், டீ. நெடில் போட்டு ‘டீ’ என்று எழுதினால் டீ-ஷர்ட்டில் வரும் எழுத்து. நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து இன்று நமக்கு வேண்டாம்.

ஏன் இந்த ஐந்து? எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் விளையாட்டு ஸ்கிராபிள். அதன் பெட்டியைத் திறந்தால் 100 வில்லைகள் இருக்கும். அதில் இ மட்டும் 12, ஏ 9, ஆர் 6, டீ 6, எஸ் 4. ஆக, 37 வில்லைகள் இந்த ஐந்து எழுத்துக்கே. அந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் இருந்தவர், செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி வரும் எழுத்துக்கு 1 புள்ளி, அபூர்வமான கியூவுக்கும் இசட்டுக்கும் 10 புள்ளி. இன்றைக்கும் அதே கணக்குதான். எஸ் மட்டும் கொஞ்சம் குறைவாக இருப்பது தற்செயல் அல்ல. எல்லாச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டி ஆட்டத்தை எளிதாக்கிவிடுவார்கள் என்று அவரே குறைத்துவைத்தார். அந்தக் குறுக்கு வழியைத்தான் நாம் இப்போது பயன்படுத்தப் போகிறோம்.

முதல் வேலை: உயிரைப் பிரித்து வையுங்கள்

இடப்பக்கம் ஏ, இ. வலப்பக்கம் ஆர், எஸ், டீ. இதைச் செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டு கலைத்தால் என்ன ஆகும்? ஐந்து எழுத்திலிருந்து இரண்டெழுத்து முதல் ஐந்தெழுத்து வரை 320 வரிசைகள் அமைக்கலாம். பெரும்பாலானவை வெறும் குப்பை. மூன்று மெய்யும் வரிசையாக நிற்கும் மூன்றெழுத்துச் சொல் எதுவும் இதில் இல்லை என்று தெரிந்தாலே பாதி வேலை மிச்சம்.

அடுத்து மூன்றெழுத்து

ஓர் உயிரை நடுவில் வைத்து இருபுறமும் மெய்யை நிறுத்துங்கள். ஏ நடுவில் இருக்கட்டும். ஆர்-ஏ-டீ, எலி. அப்படியே திருப்புங்கள்: டீ-ஏ-ஆர், ரோட்டுக்குப் போடும் தார். எஸ்-ஏ-டீ, உட்கார்ந்தான். இப்போது ஏவை எடுத்துவிட்டு இ: எஸ்-இ-டீ, பூரி ‘செட்’.

உயிரை முன்னால் கொண்டுவந்தால் ஏ-ஆர்-டீ, ஆர்ட்.

பிறகு இரண்டு உயிரையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இ-ஏ என்ற ஜோடி ஆங்கிலத்தில் எங்கும் கிடைக்கும். அதன் பின்னால் ஆர் வந்தால் காது, டீ வந்தால் ‘சாப்பிடு’. முன்னால் டீ வந்தால் குடிக்கிற டீ, எஸ் வந்தால் கடல். ஜோடியைப் பிரித்து நடுவில் ஒரு மெய்யைச் செருகினால் ஏ-ஆர்-இ (‘ஹவ் ஆர் யூ’வில் வரும் ஆர்), ஏ-டீ-இ (சாப்பிட்டான்), இ-ஆர்-ஏ (சகாப்தம்). எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு சொல் ஆகிவிட்டது. எதற்கும் அகராதியைத் தொடவில்லை.

நான்கெழுத்து: புதிதாகத் தேடாதீர்கள், இருப்பதில் ஒட்டுங்கள்

முக்கியமான இடம் இது. புதிதாக ஆடுகிறவர்கள் ஒவ்வொரு சொல்லையும் பூஜ்யத்திலிருந்து தேடுவார்கள். வேண்டாம். மூன்றெழுத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதியிருக்கும் எழுத்தை வாலிலோ தலையிலோ ஒட்டிப் பாருங்கள்.

வாலில் எஸ்: எலிகள், கலைகள், காதுகள், சகாப்தங்கள். நம்முடைய ‘கள்’ விகுதி போலத்தான். ஆனால் கடலுக்கும் செட்டுக்கும் ஒட்ட முடியாது, ஏற்கெனவே ஓர் எஸ் அதற்குள் இருக்கிறது.

தலையில் எஸ்: தார் நட்சத்திரமாகிவிடும் (ஸ்டார்). சாப்பிடு என்ற சொல் பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடிக்கும் சீட் ஆகிவிடும். காதின் தலையில் டீயை ஒட்டினால் கண்ணீர்!

வாலில் இ: எலிக்கு வாலாக ஓர் இ வைத்தால் ரேட். மார்க்கெட்டில் “என்ன ரேட்?” என்று கேட்கிறோமே, அதுதான். கடைசியில் வரும் அந்த இ வாயில் ஒலிக்காது, முன்னால் இருக்கும் உயிரைக் கொஞ்சம் நீட்டிவிட்டுச் சும்மா நிற்கும்.

ஒட்டி முடித்தபின் எஸ்-டீ ஜோடியைக் கையில் எடுங்கள். இது சொல்லின் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். பின்னால் வைத்தால் ரெஸ்ட், ஈஸ்ட் (கிழக்கு). டீ-ஆர் ஜோடி அப்படியில்லை, சொல்லின் முன்னால் வரும், கடைசியில் வராது.

ஆர் அட்டையைத் தள்ளிவைத்துவிட்டு மீதி நான்கை மட்டும் பாருங்கள். சாப்பிடுகிறான், சீட், கிழக்கு, பல டீக்கள்: ஒரே நான்கு எழுத்தில் நான்கு சொல். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது இங்கேதான்.

ஐந்தும் சேர்ந்தால்

அதே ஒட்டும் வேலைதான். ரேட் + எஸ், விலைகள். கண்ணீர் + எஸ், கண்ணீர்த்துளிகள். ஸ்டார் + இ, முறைத்துப் பார்ப்பது (ஸ்டேர்). ஒட்டிக் கிடைக்காத ஒன்று ஆஸ்டர், பூக்கடையில் பார்த்திருப்பீர்கள். இதற்கு இ-ஆர் என்ற ஜோடியைக் கடைசியில் நிறுத்திவிட்டு மீதி மூன்றை யோசிக்கவேண்டும். அதே ஜோடியை ஆர்-இ என்று திருப்பி முன்னால் வைத்து எஸ்-ஏ-டீயைச் சேர்த்தால், தேர்வை மறுபடி எழுதினான் என்று பொருள். நம் ஊரில் சொன்னால் அரியர் எழுதினான்.

சரிபார்ப்பது

ஒரு ஞாயிறு அவள் தரையில் படுத்துக்கொண்டு அட்டைகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று, “மாமா, ட்ரீட்! பிறந்தநாள் ட்ரீட்!” என்றாள். நானும் பெருமையாக ஐந்து புள்ளி எழுதிக்கொண்டேன். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அட்டையில வச்சுக் காட்டு” என்றாள். வைத்தால் கடைசி இடம் காலி. ட்ரீட்டில் இரண்டு டீ! அடித்துவிட்டு எழுதினேன், அவளுக்கு மூஞ்சி தொங்கிப்போனது.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கண்டுபிடித்த சொல்லின் எழுத்துகளை அகரவரிசைப்படி எழுதுங்கள். நம் ஐந்தும் வரிசைப்படி ஏ, இ, ஆர், எஸ், டீ. ட்ரீட்டை வரிசைப்படுத்தினால் ஏ, இ, ஆர், டீ, டீ. பொருந்தவில்லை, விட்டுவிடுங்கள். ஸ்டேர், ஆஸ்டர், கண்ணீர்த்துளிகள் மூன்றையும் வரிசைப்படுத்தினால் ஒரே வரிசை வரும். கணினி நிரல்கள் இத்தகைய சொற்களைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான்.

பழகிவிட்டால் ‘ஐ’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளையும் சேர்த்து ஏழாக்குங்கள். ஏழு வில்லையையும் ஒரே சொல்லில் இறக்கினால் ஸ்கிராபிளில் 50 புள்ளி கூடுதல். விழித்திரை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் பன்மை இந்த ஏழில் இருக்கிறது. அதையே கலைத்தால் ‘தக்கவைத்துக்கொள்கிறான்’ என்று பொருள் தரும் சொல்லும் கிடைக்கும்.

அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம்: ஓ, எஸ், டீ, அப்புறம் பேனாவின் முதலெழுத்தான பி. நான்கையும் பயன்படுத்தி ஆறு சொல் இருக்கிறது. துப்பு தருகிறேன்: பஸ் நிற்கும், தபால் வரும், போலீஸ் அபராதம் போடும் இடம், பானைகள், பம்பரங்கள். ஆறாவதுக்கு மட்டும் துப்பு கிடையாது. எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தது சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அக்காதான்.