அம்பாசடருக்கு வேறு வண்டியின் ரேடியேட்டர்: பிராக்கெட்டும் ஷ்ரவுடும் வீட்டிலேயே செய்து மாட்டுவது எப்படி

பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீசல் அம்பாசடர், பத்மினி கார் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையே இல்லை. அதைத் தாங்கும் பிராக்கெட்டை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, ஆகவே அந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில், ஒழுகுகிறது என்பதற்காக உடனே மாற்றிவிடாதீர்கள். அம்பாசடரோடு வந்தது செம்பு-பித்தளை ரேடியேட்டர். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், கோர், அதாவது நடுவில் உள்ள குழாய் அடுக்கை மட்டும் மாற்றலாம். கும்பகோணம், நாச்சியார்கோவில் என்று பித்தளையோடு பிழைக்கிற ஊர்கள் நம்முடையவை, பற்றவைக்கும் ஆளுக்குப் பஞ்சமில்லை. மாற்றித்தான் ஆகவேண்டுமா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகளான பின் (fin) மேல் நகத்தால் லேசாகக் கீறுங்கள், பச்சைப் பொடியாக உதிர்ந்தால் கோர் முடிந்தது. அடுத்து, வண்டியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, முன்பக்கமிருந்து கோர் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். எல்லா இடமும் அனலடித்து நடுவில் ஒரு பட்டை மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது சாதாரணம்.

அதே அளவில் பித்தளையே கிடைத்தால் அதை வாங்கிப் போடுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம். எனக்கு அமையவில்லை, அலுமினியம் கோர், பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டர்தான் போட்டேன். தேர்ந்தெடுக்கும்போது 1500 சிசிக்குக் குறையாத வண்டியுடையதாகப் பாருங்கள், சின்ன காருடையது நம் வெயிலில் தாங்காது. மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியுடையது வேண்டாம், அதில் ஆயில் குழாய் இரண்டு கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்குப் போகும்முன் வண்டியில் இருக்கும் இடத்தின் அகலம், உயரம், கோரிலிருந்து பேன் (என்ஜின் விசிறி) வரை உள்ள தூரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கழற்றுவது

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், இதில் அவசரமே கூடாது. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் அடியில் உள்ள டிரெயின் காக்கை (தண்ணீர் வடிக்கும் திருகை) திறந்து தண்ணீரை ஒரு பேசினில் பிடியுங்கள். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு டிரெயின் இருக்கிறது, அதையும் திறந்தால்தான் அடியில் தங்கிய சேறு வரும். கூலன்ட் கலந்த தண்ணீர் விஷம், இனிக்கும் என்பதால் நாயும் கோழியும் குடித்துவிடும். வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள், கேனில் பிடித்து மூடி வையுங்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. இந்த என்ஜின் நட்டுகள் இஞ்ச் அளவு, 7/16, 1/2, 9/16 என்று வரும். 1/2 இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பேனர் போட்டால் பிடிப்பதுபோல இருந்து துருப்பிடித்த நட்டில் முனையை மழுக்கிவிடும். இஞ்ச் ரிங் ஸ்பேனர் ஒரு செட் வாங்கிவிடுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலை முடியும்வரை பெட்டியிலேயே வைத்திருங்கள்.

கீழ் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருள் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ஸ்பிரிங் இல்லாவிட்டால் வேகம் எடுக்கும்போது ஹோஸ் சப்பிப்போய்த் தண்ணீர் நின்றுவிடும். புது ஹோஸ் வாங்கினாலும் அந்த ஸ்பிரிங்கை அதனுள் போடுங்கள்.

பிராக்கெட்

இரண்டு விதி. எடை முழுவதும் அடியில் உட்கார வேண்டும், மேலே உள்ளது சாயாமல் பிடித்தால் போதும். இரும்பு எங்கேயும் ரேடியேட்டரை நேராகத் தொடக்கூடாது, நடுவில் ரப்பர் வேண்டும்.

ஏனென்றால் பழைய வண்டியின் முன்பக்கத் தகடு நம் ஊர்ச் சாலையில் முறுக்கிக்கொண்டே போகும். பித்தளை ரேடியேட்டர் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் டேங்க் பொறுக்காது, டேங்கும் கோரும் சேரும் மடிப்பில் ஒரு ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுக்கிறது, நாலு மூலையையும் போல்ட் போட்டு இறுக்கினால் அந்த மடிப்பு விலகிவிடும். அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு நனைந்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்பது இன்னொரு காரணம், கடற்கரைப் பக்கம் இது சீக்கிரமே நடக்கும்.

நான் செய்த முறை இது. ரேடியேட்டரின் அடியில் இரண்டு முளை இருக்கும். 25 மி.மீ. இரும்பு ஆங்கிளை (L வடிவப் பட்டை) ரேடியேட்டர் அகலத்துக்கு வெட்டி, முளை வரும் இடத்தில் ரப்பர் புஷ் உட்காரும் அளவுக்கு இரண்டு பெரிய ஓட்டை. இந்த ஆங்கிளின் இரு முனையிலும் 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள பிளாட் பட்டையை நிற்கவைத்து வெல்டிங். அந்தப் பட்டைகள் பழைய ரேடியேட்டரின் பக்கவாட்டு போல்ட் ஓட்டைகளில் ஏறும். வண்டித் தகட்டில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடாதீர்கள், நாளைக்குப் பித்தளை ரேடியேட்டர் கிடைத்தால் பழையபடி மாட்ட வழி இருக்கட்டும்.

பட்டையில் வட்ட ஓட்டை போடாமல் நீள ஓட்டையாகப் போடுங்கள். 8.5 மி.மீ. டிரில்லால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, நடுவில் உள்ளதை அரத்தால் ராவி எடுத்தால் ஸ்லாட். வெல்டிங் சூட்டில் ஆங்கிள் எப்படியும் கொஞ்சம் இழுக்கும், ஸ்லாட் இருந்தால் அதைச் சரிக்கட்டலாம். எல்லாவற்றையும் முதலில் அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பாருங்கள், பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும். வெல்டிங்கை வண்டியில் வைத்து அடிக்க வேண்டாம், குறித்துக்கொண்டு வெளியே எடுத்து அடியுங்கள்.

இப்போது உயரம். எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். ரேடியேட்டர் மூடி, என்ஜின் மேலே தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) இருக்கும் கூட்டைவிடத் தாழ்ந்து நின்றால் காற்று தெர்மோஸ்டாட் பக்கம் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மூடி வரை நிறைந்த மாதிரிதான் தெரியும், என்ஜினின் மேல்பாகமான ஹெட் மட்டும் காய்ந்து கிடக்கும். கண்ணால் பார்த்து உயரத்தை முடிவு செய்யாதீர்கள், வண்டி நிற்கும் சாய்வு ஏமாற்றிவிடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தெளிவான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெர்மோஸ்டாட் கூட்டருகிலும் மறு முனையை மூடியருகிலும் பிடித்தால் உடனே தெரிந்துவிடும்.

என் வண்டியில் மூடி இரண்டு விரல் தாழ்ந்து நின்றது, இன்னும் தூக்கினால் பானெட் இடிக்கும். அதற்கு வழி, மேல் ஹோஸின் நடுவில் ஒரு நிரப்பு வாய் வைப்பது. பழைய பித்தளை ரேடியேட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதன் மூடிக் கழுத்து இங்கே வேண்டும். கழுத்தை வெட்டியெடுத்து, மேல் ஹோஸ் உள்விட்டத்துக்குப் பொருந்தும் பித்தளைக் குழாய்த் துண்டில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அதன் மேல் உட்காரவைத்து ஈயம் பாய்ச்ச வேண்டும். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, நவச்சாரம் தடவி, குழாயைத்தான் சூடாக்க வேண்டும், ஈயத்தை அல்ல. குழாய் போதிய சூட்டுக்கு வந்ததும் ஈயத்தைத் தொட்டால் அது மணியாக நிற்காமல் வெள்ளியாக ஓடி இடுக்கு முழுக்கப் புகும், அதுவரை பொறுமையாக ஊதிக்கொண்டிருங்கள். முடிந்ததும் சோடா உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடமே பச்சை பிடித்து அரிக்கும்.

இப்போது அழுத்த மூடி இந்தப் புது வாயில்தான் இருக்க வேண்டும், ரேடியேட்டரில் வால்வு இல்லாத சாதா மூடி போடுங்கள். பழைய மூடியில் 7 என்றிருந்தால் 7 பி.எஸ்.ஐ. மூடியே போடுங்கள், கூடுதல் அழுத்த மூடியைப் பழைய பம்பும் ஹோஸும் தாங்காது.

ரப்பருக்கு, அரவை மில்லில் கழித்துப்போட்ட பெல்ட் துண்டு அருமையாக இருக்கும், உள்ளே கேன்வாஸ் இருப்பதால் நசுங்காது. ரேடியேட்டரைச் சாயாமல் பிடிக்கும் மேல் பிராக்கெட்டில் முளைக்கு மேலே இரண்டு மூன்று மி.மீ. இடம் விடுங்கள், சூட்டில் ரேடியேட்டர் நீளும். மாட்டியபின் கையால் பிடித்து ஆட்டினால் லேசாக அசைந்து தன் இடத்துக்கே திரும்ப வேண்டும். அசையவே இல்லை என்றால் எங்கேயோ இரும்பு முட்டுகிறது. ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்தபின் மேலே கறுப்பு பெயின்ட்.

ஹோஸ் சேர்க்கும் துண்டு

ரேடியேட்டர் வாயும் அம்பாசடர் ஹோஸும் அநேகமாக ஒரே அளவில் இருக்காது. லேத் பட்டறையில் ஒரு பக்கம் சின்னது, மறுபக்கம் பெரியதாகக் குழாய் கடைந்து வாங்குங்கள். இரு முனையிலும் ஒரு விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள். வழவழப்பான குழாயில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தத்தில் ஹோஸ் நழுவிவிடும். கிளிப் ஸ்டெயின்லெஸ், அகலப் பட்டை உள்ளது. கம்பி கிளிப் ரப்பரை அறுத்துவிடும், வாங்காதீர்கள்.

ஷ்ரவுட்

கோரையும் பேனையும் சேர்த்து மூடும் தகட்டுக் கூடுதான் ஷ்ரவுட், இது இல்லாமல் பாதிப் பலன்தான். ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது காற்று தானாக வராது, பேன்தான் இழுக்க வேண்டும், ஷ்ரவுட் இல்லாத பேன் கோரின் நடுப்பகுதியில் மட்டும் இழுக்கும். 20 கேஜ் ஜி.ஐ. ஷீட்டில் கோர் அளவுக்கு ஒரு தட்டுப்பெட்டி, நடுவில் பேனைவிட எல்லாப் பக்கமும் 20 மி.மீ. பெரிதாக வட்டம், வட்டத்தைச் சுற்றிப் பட்டை வளையம். பேன் இலையின் அகலத்தில் பாதி வளையத்துக்குள், பாதி வெளியே. மடிப்பதற்கு இரண்டு ஆங்கிளுக்கு நடுவே ஷீட்டை வைஸில் பிடித்து மரச்சுத்தியால் தட்டுங்கள், இரும்புச் சுத்தி பள்ளம் போடும். ஜி.ஐ.யை வெல்டிங் செய்யாதீர்கள், துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது, ரிவெட் அடித்தால் போதும்.

பேனுக்கும் கோருக்கும் நடுவே ஒரு இஞ்சாவது இருக்கட்டும். என்ஜின் மவுண்ட் ரப்பர் தளர்ந்திருந்தால் பிரேக் போடும்போது என்ஜின் முன்னால் வந்து பேன் கோரைக் கிழித்துவிடும், அதை முதலில் மாற்றுங்கள். பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இஞ்ச் இறங்க வேண்டும்.

நிரப்புவது

குடிதண்ணீர்கூட வேண்டாம், டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். இரண்டு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அடர் கூலன்ட், நமக்குப் பனிக்கட்டி பயம் இல்லை, துருவைத் தடுத்தால் போதும். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி வரும். மூடியைத் திறந்தபடி என்ஜினை ஓடவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்பி மூடுங்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குளிர்ச்சியாக ஓடும் என்று பட்டறையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். என்ஜின் சூடேறாமல் ஓடினால் பெட்ரோலும் கூடும், தேய்மானமும் கூடும்.

பிறகு சேர்த்தது: படித்துவிட்டுச் சிலர் எலக்ட்ரிக் பேன் போடலாமா என்று கேட்டார்கள். ஆல்டர்னேட்டர் வண்டி என்றால் சரி. டைனமோ வண்டியில் வேண்டாம், என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜே சரியாக ஏற்றாது, பேன் தேவைப்படுவதோ அப்போதுதான்.

டீசல் வண்டியில் இதே பிராக்கெட் போட்ட ஒருவருக்கு வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது. டீசலுக்கு அதிர்வு அதிகம், பட்டையை 5 மி.மீ. ஆக்கி, மூலையில் ஒரு முக்கோணத் துண்டு வைத்து அடியுங்கள்.

இன்னொன்று, அறுவடை நேரத்தில் சாலையெங்கும் நெல்லும் வைக்கோலும் காயும்போது பதர் பறந்து அலுமினியப் பின்னில் அடைத்துக்கொள்கிறது, பித்தளையைவிட இதில் பின் நெருக்கம். என்ஜின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள், முன்னாலிருந்து பீச்சினால் பதர் இன்னும் உள்ளே போகும். வாட்டர் சர்வீஸ் கடைப் பிரஷர் பின்னை மடக்கிவிடும், தோட்டத்து ஹோஸ் போதும். கிரில்லுக்குப் பின்னால் கொசுவலைக் கம்பி வைத்தால் பதர் நிற்கும், ஆனால் காற்றும் குறைகிறது, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.