வேலையிடத்து ரசாயனம் தோல் ஒவ்வாமை தருமா? ஆய்வகச் சோதனை, படிப்படியாக

முடிச்சாயம் கலக்கும் சலூன் ஊழியர், எபாக்சி பூசும் தொழிலாளி, ஃபார்மலின் கையாளும் ஆய்வக உதவியாளர் போன்றோருக்குத் தோல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. அதன்பின் அந்தப் பொருள் சிறிதளவு பட்டாலே தோல் சிவந்து, அரித்து, வெடிக்கும். தொழிலையே கைவிட்டவர்கள் உண்டு. எனவே ஒரு ரசாயனம் தொழிலாளியின் கைக்குப் போகும் முன்பே அதைச் சோதித்துவிட வேண்டும்.

சிறிய மூலக்கூறுகளை நோயெதிர்ப்பு அமைப்பு தனியாகக் கண்டுகொள்வதில்லை. அவை தோலின் புரதத்தோடு வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொண்ட பிறகே அந்நியமாகத் தெரிகின்றன. வினைத்திறனுக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1935-இல் லாண்ட்ஸ்டெய்னரும் ஜேக்கப்ஸும் கினிப் பன்றிகளில் காட்டினார்கள். இன்று அதே ஒட்டும் குணத்தை விலங்கு இல்லாமலே அளக்கிறோம். நேரடிப் பெப்டைடு வினைச் சோதனை, சுருக்கமாக டி.பி.ஆர்.ஏ., என்பது இதன் பெயர். பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு போன்றது; பொருள் அதோடு ஒட்டினால் தனியாக மீதமிருக்கும் பெப்டைடு குறையும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. 2015-இல் இதை 442சி வழிகாட்டியாக ஏற்றது.

படி 1: பொருளை அடையாளம் காணுங்கள்

டப்பாவில் உள்ள வணிகப் பெயர் போதாது. பாதுகாப்புத் தரவுத் தாளில் சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்), மூலக்கூறு எடை, தூய்மை ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டுப்பொருள் தெரியாத பசைக் கலவைக்கு மோலார் கரைசல் தயாரிக்க முடியாது. உலோக உப்புகளையும் ஒதுக்கிவிடுங்கள். சிமெண்டிலுள்ள குரோமியம் கட்டடத் தொழிலாளர்களின் கைகளைப் புண்ணாக்குவது தெரிந்ததே. ஆனால் உலோகங்கள் புரதத்தோடு இணையும் விதம் வேறு என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

படி 2: கரைசல் தயாரியுங்கள்

முதலில் கரைப்பானாக அசிட்டோநைட்ரைலை முயன்று பாருங்கள். தேவையான செறிவு 100 மில்லிமோலார். பழகுவதற்கு, இலவங்கப்பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு நல்ல தேர்வு. அதன் மூலக்கூறு எடை சுமார் 132.2, எனவே 3 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 39.7 மில்லிகிராம். கரைசல் கலங்கலின்றித் தெளிவாக இருக்க வேண்டும்.

சோதிக்கும் பொருள் உங்களுக்கே ஒவ்வாமை தரக்கூடியது என்பதை ஒரு கணமும் மறக்காதீர்கள். எடை போடுவதும் கலப்பதும் காற்றுறிஞ்சும் பெட்டிக்குள்தான். அசிட்டோநைட்ரைல் மெல்லிய நைட்ரைல் கையுறையை விரைவில் ஊடுருவும். ஆகவே துளி தெறித்தவுடன் கையுறையை மாற்றிவிடுங்கள்.

படி 3: இரண்டு பெப்டைடுகளோடு கலக்குங்கள்

சிஸ்டைன், லைசின் இரண்டும் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள். சிஸ்டைன் உள்ள பெப்டைடு பிஎச் 7.5 கொண்ட பாஸ்பேட் தாங்கல் கரைசலிலும், லைசின் உள்ளது பிஎச் 10.2 கொண்ட அம்மோனியம் அசிட்டேட் தாங்கல் கரைசலிலும் இருக்கும். இரண்டின் செறிவும் 0.667 மில்லிமோலார். சிஸ்டைன் பெப்டைடு காற்றில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும் என்பதால் அன்றன்றே கரையுங்கள். இதில் சோம்பல்பட்டால் முடிவை நம்ப முடியாது.

சிஸ்டைன் குப்பியில் 750 மைக்ரோலிட்டர் பெப்டைடு, 200 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல், கடைசியாக 50 மைக்ரோலிட்டர் சோதனைக் கரைசல். லைசின் குப்பியில் 750 மைக்ரோலிட்டர் பெப்டைடோடு 250 மைக்ரோலிட்டர் சோதனைக் கரைசல். ஒவ்வொன்றிலும் மூன்று குப்பிகள். சோதனைப் பொருளுக்குப் பதில் வெறும் கரைப்பான் சேர்த்த ஒப்பீட்டுக் குப்பிகளும், பெப்டைடு இல்லாமல் சோதனைப் பொருள் மட்டும் உள்ள குப்பியும் கட்டாயம். பின்னதை விட்டுவிட்டால், அளவீட்டு வரைபடத்தில் பொருளின் சொந்த முகடு பெப்டைடின் முகட்டோடு ஒன்றிப்போனாலும் உங்களுக்குத் தெரியாது.

படி 4: காத்திருங்கள், அளவிடுங்கள்

வெளிச்சம் படாமல், 25 டிகிரி செல்சியஸில், 24 மணி நேரம். பிறகு குப்பிகளைத் தூக்கி அடியில் வீழ்படிவு உள்ளதா என்று பாருங்கள், இருந்தால் குறித்துவையுங்கள். அடுத்து கரைசலின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் 220 நானோமீட்டரில் மீதமுள்ள பெப்டைடை அளவிடுங்கள்.

படி 5: கணக்கு

ஒப்பீட்டுக் குப்பிகளின் சராசரி முகட்டுப் பரப்பு 100, சோதனைக் குப்பியில் 62 என்றால் குறைவு 38 சதவீதம். இது சிஸ்டைன். லைசினில் குறைவு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 23. சராசரி 6.38 சதவீதத்தைத் தாண்டினால் முடிவு நேர்மறை, 22.62-க்கு மேல் 42.47 வரை நடுத்தர வினைத்திறன். ஆகவே நம் எடுத்துக்காட்டுப் பொருள் நடுத்தர வகை. சராசரி 3 முதல் 10 சதவீதத்துக்குள் விழுந்தால் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இந்த எண்கள் செல்லுபடியாக வேண்டுமானால், நேர்மறை ஒப்பீடாக அதே ஓட்டத்தில் வைத்த சின்னமால்டிஹைடு சிஸ்டைனை 60.8 முதல் 100 சதவீதமும், லைசினை 40.2 முதல் 69 சதவீதமும் குறைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய எண்கள் அனைத்தும் குப்பைக்குத்தான்.

படி 6: அறிக்கை எழுதும்போது

எதிர்மறை முடிவை ‘பாதுகாப்பானது’ என்று எழுதாதீர்கள். சில பொருள்கள் தோலின் நொதிகளால் மாற்றப்பட்ட பிறகே வினைபுரியும். நம் குப்பியில் நொதி இல்லை. இந்த ஒரு தாளை வைத்து யாருடைய கையுறையையும் கழற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தோல் உயிரணுக்களில் நடத்தும் கெரட்டினோசென்ஸ், நோயெதிர்ப்பு உயிரணுக்களில் நடத்தும் ஹெச்-கிளாட் ஆகியவற்றோடு சேர்த்து, மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவெடுக்கும் முறையை ஓ.இ.சி.டி. 2021-இல் 497-ஆம் வழிகாட்டியில் ஏற்றிருக்கிறது. உங்கள் டி.பி.ஆர்.ஏ. அறிக்கையில் வீழ்படிவு, முகடு ஒன்றிப்போனது, மறு ஓட்டம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதி அந்தக் கோப்பில் சேருங்கள்.