கிராபிக்ஸ் வேலைக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமண வீடியோக்களை எடிட் செய்யும் இளைஞர் ஒருவர், வாங்கி இரண்டு வாரமே ஆன தம் கம்ப்யூட்டரை என்னிடம் எடுத்து வந்தார். 13ஆம் தலைமுறை கோர் ஐ7 பிராசசர், 32 ஜிபி ரேம், 12 ஜிபி மெமரி கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு என்று கொட்டேஷனைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேமராவில் பதிவான காட்சியைப் பிரீமியர் புரோவின் டைம்லைனில் வைத்து ஓட்டினால், தாலி கட்டும் காட்சி நான்கு வினாடி ஓடி நின்றது. மறுபடி இரண்டு வினாடி ஓடி மறுபடி நின்றது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது பிராசசரின் கோர்கள் அத்தனையும் முழு அளவில் திணறிக்கொண்டிருந்தன. சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலையைக் காட்டும், கிராபிக்ஸ் கார்டின் ‘வீடியோ டீகோட்’ வரைபடமோ அசையாமல் சுழியத்தில் கிடந்தது.

காரணம் பிராசசரின் பெயருக்குக் கடைசியில் இருந்த ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்து. இன்டெல் பிராசசர்களில் அந்த எழுத்து இருந்தால், உள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் பகுதி அதில் இயங்காது என்று பொருள். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறோம், உள்ளே இன்னொன்று எதற்கு என்று நினைத்து, ஓரிரு ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்த எஃப் வகையைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக இருக்கிறது. விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் கம்ப்யூட்டரில் அது நியாயமான சிக்கனம்தான். ஆனால் இன்றைய கேமராக்கள் பலவும் எச்.265 என்ற சுருக்க முறையில், வண்ண நுணுக்கம் கூடிய 10 பிட் 4:2:2 வடிவில் பதிவு செய்கின்றன. இந்த வகைக் கோப்பை விரித்துக் காட்டும் வன்பொருள் வசதி, 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகள் எதிலும் இல்லை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு உள்ளே இருக்கும் ‘குவிக் சிங்க்’ பகுதியில் அது இருக்கிறது. அவர் மிச்சப்படுத்தியது எந்தப் பகுதியோ, அவருடைய தொழிலுக்குத் தேவைப்பட்டதும் அதே பகுதிதான். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதே கேமராவின் மெனுவில் எச்.264 முறையைத் தேர்ந்து 10 பிட் 4:2:2 பதிவு செய்தால், 12 முதல் 14 வரையான இன்டெல் தலைமுறைகளின் குவிக் சிங்க்கும் கைகொடுக்காது. எஃப் இல்லாத பிராசசரை வாங்கிய பிறகும், தனிக் கார்டு பொருத்தியவுடன் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடுகின்றன என்பதால், பயோஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள மெனு) சென்று அதை மீண்டும் இயக்கி வைக்க வேண்டும்.

இந்த ஒரு நிகழ்வை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த பெரும்பாலான தவறுகள் மட்டமான பாகம் வாங்கியதால் வந்தவை அல்ல. நல்ல பாகங்களை, செய்யப்போகும் வேலையைக் கேட்காமல் வாங்கியதால் வந்தவை. எந்த மென்பொருள், எந்த வகைக் கோப்பு, எவ்வளவு பெரிய கோப்பு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் சென்னை ரிச்சி தெருவுக்கோ இணையக் கடைக்கோ போக வேண்டும். பாகத்தை முதலில் தேர்ந்துவிட்டு அதற்கு வேலையைப் பொருத்திப் பார்ப்பது தலைகீழான முறை.

பிராசசரை எடுத்துக்கொண்டால், கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது பரவலான தவறு. ஆட்டோகேட், ரெவிட் போன்ற வரைவு மென்பொருள்களில் பெரும்பாலான வேலை ஒரே ஒரு கோரின் வேகத்தை நம்பித்தான் நடக்கிறது. கட்டட வரைபடம் வரையும் அலுவலகத்துக்கு 24 கோர் கொண்ட பிராசசரை வாங்கிக் கொடுத்தால் அதில் 20 கோர் சும்மா இருக்கும். அதே பணத்தில் குறைந்த கோர்களும் கூடுதல் வேகமும் கொண்ட ஒன்றை வாங்கியிருந்தால் வரைபவரின் கை நிற்காமல் ஓடியிருக்கும். மாறாக, பிளெண்டர், வி-ரே போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் பிராசசரை வைத்தே ரெண்டர் செய்பவருக்கு (காட்சியை இறுதிப் படமாக மாற்றுபவருக்கு) ஒவ்வொரு கோரும் நேரத்தைக் குறைக்கும். அசையும் கிராபிக்ஸ் உருவாக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பல காலம் முதல் வகையைச் சேர்ந்ததாகவே இருந்தது. 2021இல் பல பிரேம்களை ஒரே சமயத்தில் ரெண்டர் செய்யும் வசதி வந்த பிறகு, அது கோர்களையும் ரேமையும் நன்றாகப் பயன்படுத்துகிறது. ஆகவே ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட பரிந்துரையை இன்று அப்படியே பின்பற்றுவதும் தவறாக முடியலாம்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களை வாங்குவோர், குறிப்பாகப் பழையதாக வாங்குவோர், ஒன்றை மறக்கக் கூடாது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் காரணமாக இவற்றில் சில நாளடைவில் நிலைதடுமாறுகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் மாதம் முதல் திருத்தங்களை வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயோஸைப் புதுப்பித்தால்தான் அந்தத் திருத்தம் வந்து சேரும். ஏற்கெனவே பழுதான பிராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

கிராபிக்ஸ் கார்டில் நடக்கும் தவறுதான் பணத்தை அதிகம் விழுங்குகிறது. கார்டின் பெயரில் உள்ள எண் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைத்து, அதன் மெமரியைப் பார்க்காமல் விடுகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3060ஐ விட ஆர்டிஎக்ஸ் 3070 கணிசமான வேகம் கொண்டது. ஆனால் முன்னதில் 12 ஜிபி மெமரி, பின்னதில் 8 ஜிபி மட்டுமே. கார்டை வைத்து முப்பரிமாணக் காட்சியை ரெண்டர் செய்யும்போது, காட்சி முழுவதும் அந்த மெமரிக்குள் அடங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8192 பிக்சல் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு டெக்ஸ்சர் (பொருளின் மேற்பரப்பில் போர்த்தும் படம்), நான்கு வண்ணத் தடங்களுடன், தடத்துக்கு ஒரு பைட் வீதம் விரிந்தால் 256 எம்பி இடம் பிடிக்கும். ஒரு பட்டுப்புடவைக்கு நிறம், பளபளப்பு, மேடுபள்ளம், ஜரிகை என்று இப்படி நான்கு டெக்ஸ்சர் கொடுத்தால் அந்தப் புடவைக்கு மட்டுமே 1 ஜிபி ஆகிவிடும். எட்டுப் பொருள்களை இப்படி அமைத்தால் 8 ஜிபி கார்டு நிரம்பிவிடும். அதற்குப் பிறகு ரெண்டர் பிழை காட்டி நின்றுவிடும். அல்லது கம்ப்யூட்டரின் ரேமைக் கடன் வாங்கி மிக மெதுவாக நடக்கும். வேகம் குறைந்த கார்டில் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கலாம்; மெமரி போதாத கார்டில் அந்த வேலையையே எடுக்க முடியாது.

இரண்டு 12 ஜிபி கார்டு போட்டால் 24 ஜிபி கிடைக்கும் என்று நம்புவதும் பிழை. பொதுவாக ஒவ்வொரு கார்டும் காட்சியின் முழு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். வேகம்தான் கூடும், கொள்ளளவு கூடாது. மெமரியை இணைக்க உதவிய என்விலிங்க் வசதி ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் இருந்தது. அடுத்து வந்த 4090இல் அதை எடுத்துவிட்டார்கள். தொழில்முறைக் கார்டுகளைப் பொறுத்தவரை (2020க்கு முன் குவாட்ரோ என்ற பெயரில் வந்தவை) இருபுறமும் தவறு நடக்கிறது. பிளெண்டரும் பிரீமியரும் மட்டும் பயன்படுத்துபவருக்கு அவை வீண் செலவு. ஆனால் கோயம்புத்தூரில் பம்ப்செட் வடிவமைக்கும் ஒரு நிறுவனம் சாலிட்வொர்க்ஸ் என்ற இயந்திர வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்றால், சான்றளிக்கப்பட்ட கார்டு இல்லாமல் அதன் ரியல்வியூ காட்சி வசதி கிடைக்காது. டிரைவர் சிக்கல் வந்தாலும் மென்பொருள் நிறுவனத்தின் உதவியை எதிர்பார்க்க முடியாது.

ரேமில் அளவு போதாமை ஒரு பக்கம், அமைப்பு தவறுவது இன்னொரு பக்கம். 4கே அளவுள்ள ஒரு பிரேம், 16 பிட் ஆழத்தில் நான்கு தடங்களுடன் 66 எம்பி இடம் கேட்கும். வினாடிக்கு 25 பிரேம் என்றால் பத்து வினாடிக் காட்சிக்கு 16.6 ஜிபி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேலை செய்பவருக்கு 32 ஜிபி ஏன் விரைவில் தீர்ந்துவிடுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். அதனால் 64 ஜிபி தேவை என்று முடிவு செய்தால், நான்கு 16 ஜிபி ரேமாக வாங்காமல் இரண்டு 32 ஜிபி ரேமாக வாங்குங்கள். டிடிஆர்5 வகையில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் இறங்கும்: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகத் தரும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200 எம்டி/வி (வினாடிக்கு மெகா டிரான்ஸ்ஃபர்), நான்குக்கு 3600. இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று திட்டமிடுவோர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒற்றை ரேமைப் பொருத்தித் தருவதும் தவறுதான், ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான தரவுப் பாதை பாதியாகிவிடும்.

மதர்போர்டில் மிச்சம் பிடிப்பவர்கள் ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நீளமான இரண்டாவது ஸ்லாட்டில் பல போர்டுகளில் தரவு செல்லும் பாதைகள் நான்கு மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி பொருத்தினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செயலிழக்கும். வேறு சிலவற்றில் கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் பாதைகள் பதினாறிலிருந்து எட்டாகும். இவை எல்லாம் கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். போர்டை வாங்குவதற்கு முன்பே கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் படித்துவிடலாம்.

எஸ்எஸ்டி வாங்குவோர் பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தை நம்பிவிடுகிறார்கள். அது, வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பும்வரை மட்டுமே கிடைக்கும் வேகம். விலை குறைந்த கியூஎல்சி வகையில் அந்தப் பகுதி நிரம்பியதும், எழுதும் வேகம் சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் அளவுக்கே சரிந்துவிடக்கூடும். நிறைய கோப்புகளை ஒரே மூச்சில் நகலெடுக்காதவர் இதை உணரவே மாட்டார். இரண்டு நாள் திருமணத்தின் 400 ஜிபி காட்சியைக் கேமரா கார்டிலிருந்து இறக்குபவருக்கோ ஒவ்வொரு வாரமும் தெரியும். விண்டோஸும் மென்பொருள்களும் ஒன்றில், நடப்பு வேலையும் கேஷும் மற்றொன்றில் என இரண்டு எஸ்எஸ்டி வைத்துக்கொள்வது நல்லது. முடிந்த வேலைகளுக்கு ஹார்ட் டிஸ்க் போதும். ஆனால் ஒரே பிரதியாக அங்கே விட்டுவைக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) விஷயத்தில் என் கருத்து கடுமையானது: மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது. ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே உள்ள பாகங்களின் தரத்துக்கோ பாதுகாப்புக்கோ அது உத்தரவாதம் இல்லை. வாட் கணக்கும் கூட்டல் கழித்தலோடு முடிவதில்லை. புதிய கார்டுகள் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு, தங்கள் சராசரியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு மின்சாரத்தை இழுக்கக்கூடும். அதைத் தாங்கும் விதமாகவே 2022இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற வரையறை வந்தது. ரெண்டர் நடுவில் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் பலரும் கார்டைக் குறை சொல்கிறார்கள். பழைய எஸ்எம்பிஎஸ் அந்தக் கணநேர இழுப்பைக் கண்டு தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருக்கும். 450 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது அதன் 16 முனை இணைப்பு உருகிய செய்திகள் பல வந்தன. முழுமையாக உள்ளே செருகப்படாததே அவற்றில் பலவற்றுக்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. கேபினட்டின் கதவை மூடுவதற்காக அந்தக் கேபிளை முனையிலேயே மடக்காதீர்கள். மேலும், ஒரு பிராண்டின் மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிளை இன்னொரு பிராண்டின் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருபோதும் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க்கும் அதில் உள்ள வேலையும் ஒரு கணத்தில் போய்விடும்.

நம் ஊரில் இதன் தொடர்ச்சியாக யூபிஎஸ்ஸையும் சொல்லியாக வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதப்பட்ட யூபிஎஸ்களில் பலவற்றின் உண்மையான திறன் 360 வாட் மட்டுமே. ஆர்டிஎக்ஸ் கார்டுடன் ரெண்டர் ஓடும் கம்ப்யூட்டரை அதில் மாட்டினால், மின்சாரம் போன அதே நொடியில் இரண்டும் அணைந்துவிடும். வி.ஏ. எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள். வீட்டு எர்த்திங்கை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

முன்பக்கம் முழுவதும் கண்ணாடி மூடிய கேபினட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் 38 டிகிரி காற்று உள்ளே வர வழியில்லாமல் நின்றால், கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் காற்று புகும் வலைத்தடுப்பும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ளதாகப் பாருங்கள். கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து கேபினட்டின் இடத்தோடு ஒப்பிடுங்கள்.

பட்ஜெட் முழுவதையும் பெட்டிக்குள் கொட்டிவிட்டு, மிஞ்சியதில் மானிட்டர் வாங்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. விவரத்தாளில் ‘45% என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால், அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான வண்ண வரம்பு) வண்ணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே காட்டும். அதில் பார்த்துச் சரிசெய்த காலண்டர் வடிவமைப்பைச் சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்பினால், திரும்பி வரும் நீலமும் சிவப்பும் திரையில் பார்த்தவையாக இருக்க மாட்டா. அச்சு வேலை செய்பவர் அடோபி ஆர்ஜிபி வரம்பையும் பார்க்க வேண்டும். எவரானாலும் ஐபிஎஸ் வகைத் திரையை வாங்கி, அளவீட்டுக் கருவி கொண்டு ஒருமுறையாவது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவுள்ளவர்கள் செலுத்திய 18 விழுக்காட்டை வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ள முடியும். பதிவில்லாதவர்களுக்கும், மூன்றாண்டு வாரண்டி உள்ள கார்டு இரண்டாம் ஆண்டில் பழுதானால் கையில் இருக்க வேண்டியது அந்தப் பில்தான். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் தனித்தனியாக இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன், உங்கள் கேமராவில் எடுத்த காட்சியும் நீங்கள் செய்ததிலேயே கனமான புராஜெக்ட் கோப்பும் உள்ள எஸ்எஸ்டியைக் கடைக்கு எடுத்துச் சென்று, அவற்றை அந்தக் கம்ப்யூட்டரில் திறந்து ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கட்டும். காட்சி ஓடும்போது ‘வீடியோ டீகோட்’ வரைபடம் அசைகிறதா என்று பாருங்கள்.