கர்ப்பகாலச் சீனி: வயிற்றுப் பிள்ளைக்காக விடவேண்டிய தவறுகள்

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு தங்கச்சிக்கு ஏழாவது மாதம், கர்ப்பத்தில் வரும் இனிப்பு நீரும் (நீரிழிவு) இருக்கிறது. மறுநாள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதாரக் கிளினிக்) பிஎஸ்பி, அதாவது ஒரு நாளில் பலமுறை இரத்தச் சீனி பார்க்கும் சோதனை, எடுக்கவேண்டும் என்றால், முதல் நாள் மத்தியானத்திலிருந்தே சோற்றைத் தொடமாட்டாள். கர்ப்பப் பரிசோதனைகளை எழுதும் பிங்க் புத்தகத்தில் எண்கள் அழகாக வரும். அடுத்த நாள் காலையிலேயே ரொட்டி சானாய் (பரோட்டா), இரண்டு தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்). நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். தாதியை ஏமாற்றலாம், வயிற்றுப் பிள்ளையை முடியாது.

ஏன் தெரியுமா? அம்மாவின் இரத்தத்திலுள்ள சீனி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். அம்மாவின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சீனியைச் சமாளிக்க, பிள்ளையின் சின்னக் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். அந்த இன்சுலின்தான் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. ஸ்கேனில் "பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று வீட்டில் சந்தோஷப்படுவது அடுத்த தவறு. பிரசவத்தில் தலை வந்து தோள் சிக்கிக்கொள்வது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகம். தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடும். இன்சுலின் மட்டும் சுரந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் சீனி சடாரென்று இறங்கும். பால் குடிக்காமல் துவளும், நடுங்கும், வலிப்புகூட வரலாம். பிறந்த கொஞ்ச நேரத்தில் குதிகாலில் குத்திச் சீனி பார்ப்பது இதற்காகத்தான். சில பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலும் மஞ்சள் காமாலையும் வரும்.

ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீரும் குடித்துவிட்டு இன்சுலினை நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஊசி இன்சுலினும் பிள்ளையிடம் போவதில்லை. அம்மாவின் சீனியைத்தான் இறக்குகிறது. பொதுவாக அம்மாவின் இரத்தச் சீனி வெறும் வயிற்றில் 5.3 mmol/L, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 6.7 mmol/L, இதைத் தாண்டாமல் இருக்கவேண்டும். தாண்டினால் அந்த எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவர்கள் கர்ப்பம் உறுதியான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. பிள்ளையின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடும். கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்துச் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஃபோலிக் அமிலமும் ஆரம்பித்துவிட வேண்டும்.

அப்புறம், பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடியும் சீனித் தண்ணி குடித்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். பத்தியம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தங்கச்சி போக மறந்தால், நானே கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.