பாட்டு கேட்டுச் சீட்டு எழுதாதீர்கள்: பட்டணத்து கிளப்பில் பேண்டு பார்க்கப் போகிறவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரைப் பக்கத்துத் தம்பிகள் சிலர் ராக் பேண்டு பார்க்க இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பிப் போகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் இது இன்னும் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும்போது போய் வர நேரம் கிடைக்கிறது. போகிறவர்களில் பலரை எனக்குத் தெரியும், சில பேரைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். எங்கள் செட்டு தொடக்கத்தில் என்னென்ன செய்ததோ அதையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பணம் பத்திரம், குடித்துவிட்டு வம்புக்குப் போகாதே, புது ஊரில் தனியாகச் சுற்றாதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

திரும்பும் வழியைப் பார்க்காமல் கிளம்புவது

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் சேது எக்ஸ்பிரஸ், நாம் இன்னும் போட் மெயில் என்று சொல்கிற ரயில், புதுப் பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6 அன்று தாம்பரத்திலிருந்து ஓடத் தொடங்கிய ரயில் எல்லாமே மாலையிலேயே புறப்பட்டுவிடும். கிளப்பில் முதல் பேண்டு மேடை ஏறும் நேரத்தில் சேது விழுப்புரம் பக்கம் போய்க்கொண்டிருக்கும். பஸ்ஸில் வரலாம் என்றால் தென்மாவட்ட பஸ் கிளாம்பாக்கத்தில்தான் ஏற வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து அங்கே போகவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதனால் பஸ்ஸை நினைத்து பாதிப் பாட்டில் எழுந்து ஓடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள் கடைசி நான்கு பாட்டைக் கேட்காமல் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

ஒரு ராத்திரி தங்குங்கள். மறுநாள் மாலை ரயிலுக்கு டிக்கெட் போடுங்கள்.

விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள் கிழமையையும் பார்க்க வேண்டும். திங்கள், புதன், சனி கடல் நாள். கிளப்புகளில் பேண்டு நிகழ்ச்சி பெரும்பாலும் வாரக் கடைசியில்தான் வரும். வியாழன் காலை கரை ஏறி அன்று மாலை ரயில் பிடித்தால் வெள்ளி இரவு நிகழ்ச்சியைப் பார்த்துவிடலாம், ஆனால் சனிக்கிழமைத் தொழில் போய்விடும். அதைப் படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒரு ஆள் குறைந்தால் கூட வருகிறவர்களின் கூலியும் சேர்ந்து போகும்.

செருப்பு, கைலி

வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஷூவும் முழு பேண்ட்டும் போட்டுப் போங்கள்.

வயது

தமிழ்நாட்டில் ஒருவருக்கு மது பரிமாற அவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். சென்னையில் இந்த மாதிரி இடங்கள் பெரும்பாலும் ஓட்டல் பாருக்குள் இருப்பதால் உள்ளே நுழையவே அடையாள அட்டை கேட்பார்கள். அண்ணனின் ஆதாரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சீட்டு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற தவறுகளில் நஷ்டம் நமக்கு மட்டும்தான். இதில் பாடுகிறவர்களுக்கே நஷ்டம்.

நம் ஊரில் கச்சேரி என்றால் ஆர்கெஸ்ட்ரா. முளைக்கொட்டுத் திருவிழா, வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று எங்கே மேடை போட்டாலும் சினிமாப் பாட்டுத்தான். ஒரு துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரையும் நம் பெயரையும் எழுதி, கூட நூறு ரூபாயைச் சுற்றி மேடைக்குக் கொடுத்து அனுப்புவோம். பாடகர் அதை மைக்கில் வாசித்து, இன்னார் விரும்பிக் கேட்ட பாடல் என்று சொல்லிப் பாடுவார். நல்ல வழக்கம் அது. அந்தக் காசு அவர்களுக்குத் தேவை. நூற்றுக்கணக்கான பாட்டை மனப்பாடமாக வைத்துக்கொண்டு கேட்ட மாத்திரத்தில் வாசிப்பது பெரிய வித்தை. ஆர்கெஸ்ட்ராக்காரர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

சொந்தப் பாட்டு பாடும் ராக் பேண்டு செய்வது வேறு வேலை. நாலைந்து பேர் சேர்ந்து, வாடகை அறையில் சாயங்காலச் சாயங்காலமாக உட்கார்ந்து, தாங்களே வரி எழுதி, மெட்டுப் போட்டு, அடித்து அடித்துத் திருத்திய பாட்டு ஒரு பத்தோ பன்னிரண்டோ அவர்களிடம் இருக்கும். கிளப்பில் அவர்களுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். பல மாத உழைப்பை அந்த நேரத்துக்குள் காட்டியாக வேண்டும். அங்கே நின்றுகொண்டு சினிமாப் பாட்டு போடச் சொல்லிக் கத்தினால் அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம்.

சென்னையில் ஒரு கிளப்பில் நடந்ததைச் சொல்கிறேன். நாலு பேர் கொண்ட பேண்டு, எல்லாம் தமிழ்ப் பாட்டு. மூன்றாவது பாட்டு மெதுவாகத் தொடங்கியது. கிதார் மட்டும் ஒலிக்க, பாடகி தணிந்த குரலில் ஆரம்பித்தார். என்னோடு வந்த தம்பி ஒருவன் அருமையான பையன், மனசில் கெட்டது எதுவும் கிடையாது. அவன் பேப்பர் நாப்கினில் ஒரு சினிமாப் பாட்டின் பெயரை எழுதி, நூறு ரூபாய் நோட்டையும் சேர்த்து மேடை ஓரத்தில் நீட்டிவிட்டான். பேஸ் கிதார் வாசித்தவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தபடி கிதாரைத் தொடர்ந்து வாசித்தார். பக்கத்து மேசைக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்களும் ஆளுக்கொரு சினிமாப் பாட்டைக் கேட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் கிளப் மேனேஜர் மேடைக்குப் போய்ப் பாடகியின் காதில் ஏதோ சொன்னார். அதற்கப்புறம் கடைசிவரை சினிமாப் பாட்டுத்தான். புதுப் பாட்டு ஒன்றை அன்றைக்கு முதல் தடவையாகப் பாடப்போவதாக ஆரம்பத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாட்டை அன்று யாருமே கேட்கவில்லை.

வெளியே வந்து, “ஏண்டா இப்படிப் பண்ணினே?” என்று கேட்டேன். “சந்தோஷமாத்தானேண்ணே கேட்டேன், காசும் கொடுத்தேனே” என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. தெரியாமல் செய்ததுதான், ஆனால் அந்த ஒரு நாப்கினால் நாலு பேரின் ஒரு ராத்திரி போய்விட்டது.

அந்த ராத்திரியோடு விஷயம் முடிவதுமில்லை. கிளப் நடத்துகிறவர் பாட்டின் தரத்தைப் பார்த்து அடுத்த தேதி கொடுப்பதில்லை. கூட்டம் எதற்குக் கை தட்டியது, கல்லாவில் எவ்வளவு விழுந்தது, இந்த இரண்டைத்தான் பார்ப்பார். கூட்டம் சினிமாப் பாட்டுக்கே ஆடினால் அடுத்த வாரம் சினிமாப் பாட்டு பேண்டைக் கூப்பிடுவார். சொந்தப் பாட்டுக்காரர்களுக்குத் தேதி கிடைக்காது. தேதி கிடைக்காத பேண்டு வாடகை அறையை விட்டுவிடும், ஒருவர் வேலைக்காக வெளியூர் போவார், அத்தோடு கலைந்துவிடும். நல்ல பேண்டுகள் இப்படிக் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நின்று நிலைத்தவர்கள் எல்லோரும் சொந்தப் பாட்டைக் கேட்கக் கூட்டம் கிடைத்ததால் நிலைத்தவர்கள். பெங்களூரின் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் பேண்டு 1996-ல் தொடங்கியது. கொச்சியின் மதர்ஜேன் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவியல் பேண்டு மலையாளத்திலேயே ராக் பாடி 2008-ல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து சாதியைப் பற்றித் தங்கள் சொந்த வரிகளைப் பாடினார்கள். அந்தக் கூட்டம் சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? போவதற்கு முன்னால் அந்த பேண்டின் பாட்டில் இரண்டு மூன்றை யூடியூபில் கேட்டுவிட்டுப் போங்கள். ரயிலில் ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. பிடித்த பாட்டின் பெயரை நினைவில் வையுங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தங்கள் பாட்டை முகம் தெரியாத ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டால் அவர்கள் முகம் எப்படி மலர்கிறது என்று அப்போது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. முதல் தடவை கேட்கும்போது புதுப் பாட்டு பிடிபடாது. சினிமாப் பாட்டு டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு நமக்குள் ஏறியது. இங்கே அந்த வசதி இல்லை. வரி புரியவில்லையா, விடுங்கள். முதலில் டிரம்ஸையும் பேஸையும் மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அது பிடிபட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

ஸ்பீக்கரை ஒட்டி நிற்பது

திருவிழாவில் பாக்ஸ் பக்கத்தில் நின்று பழகியவர்கள் கிளப்பிலும் நேராக அங்கேதான் போகிறார்கள். கேட்டால், “போட் இஞ்சின் சத்தத்திலேயே கிடக்கிறவங்க நாங்க, எங்க காதுக்குப் பழகிப்போச்சு” என்கிறார்கள். காது எந்தச் சத்தத்துக்கும் பழகாது. உள்காதில் ஒலியை வாங்குகிற மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. மனிதருக்கு அவை அழிந்தால் திரும்ப முளைக்காது. இஞ்சின் பக்கத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கும், கிளப் சத்தம் மிச்சத்தையும் கொண்டுபோகும்.

வேலையிடத்துச் சத்தத்துக்கு, தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) அமைப்பு சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் அடித்தால் 100 என்பது சாதாரணம். வீட்டுக்கு வந்தும் காதுக்குள் கொய்ங் என்ற சத்தம் நிற்கவில்லை என்றால் காது அடிபட்டிருக்கிறது. சில நாளில் அடங்காவிட்டால் காது டாக்டரைப் பாருங்கள்.

மருந்துக்கடையில் நுரைப் பஞ்சில் செய்த காதடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விரலால் உருட்டி மெலிதாக்கி உள்ளே விட்டால் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். வெறும் பஞ்சை வைப்பதால் பெரிய பயன் இல்லை.

மேடையை ஒட்டி நின்றால் பாட்டும் சரியாகக் கேட்காது. டிரம்ஸும் கிதார் ஆம்ப்பும் மேடையிலிருந்தே முழங்கும். குரலோ பக்கத்து ஸ்பீக்கர் வழியாக உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடும். சவுண்ட் பார்க்கிறவர் கன்சோலை வைத்துக்கொண்டு நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சமன் செய்கிறார். அங்கே கேட்பதுதான் அந்தப் பாட்டு.

முதல் பேண்டுக்குப் போகாமல் இருப்பது

பெரிய பேண்டு ஒன்பதரைக்குத்தானே என்று வெளியே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எட்டரைக்கு வாசிக்கிற புதுப் பையன்கள் காலி நாற்காலிகளுக்கு வாசிக்கிறார்கள். பெரிய பேண்டும் ஒரு காலத்தில் அந்த எட்டரை மணியில் நின்றதுதான். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

போன்

ஒரு பாட்டு எடுத்தால் போதும். பின்னால் நிற்கிறவர் உங்கள் கையைப் பார்க்க வரவில்லை.

கவர் சார்ஜ் பேண்டுக்குப் போகிறது என்று நினைப்பது

வாசலில் வாங்குகிற பணம் இரண்டு வகை. நுழைவுச்சீட்டு என்று வாங்கினால் அதில் ஒரு பங்கு பேண்டுக்குப் போக வாய்ப்பு உண்டு. கவர் சார்ஜ் என்றால் பல இடங்களில் அந்தத் தொகைக்கு உள்ளே சாப்பாடோ குடிக்கவோ வாங்கிக் கழித்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அது கிளப்பின் வியாபாரம். பேண்டுக்குப் பேசிய தொகை ஏதோ அதுதான் கிடைக்கும். புது பேண்டுக்கு அது வண்டி வாடகைக்கே சரியாகப் போய்விடும். உள்ளே போவதற்கு முன்னால் எந்த வகை என்று கேளுங்கள். கழித்துக்கொள்ளும் வகையென்றால் அதை விட்டுவிடாமல் சாப்பிட்டுவிடுங்கள், குடிக்காதவர்களுக்கு ஜூஸும் சாப்பாடும் உண்டு.

பேண்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் நிகழ்ச்சி முடிந்ததும் மேடை ஓரத்தில் டி-ஷர்ட், ஸ்டிக்கர் வைத்து விற்பார்கள், அதில் ஒன்றை வாங்குங்கள். சீட்டோடு சுற்றி நீட்டுகிற நூறு ரூபாயை அங்கே கொடுத்தால் நேராக அவர்கள் கைக்குப் போகும். வாங்கும்போது எந்தப் பாட்டு பிடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், பாம்பனிலிருந்து வந்தோம் என்றும் சொல்லுங்கள். எந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாட்டைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி குறைவு. கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். தரைக்குக் கீழே இருக்கிற கிளப்புகளில் சிக்னல் கிடைக்காமல் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும்.