ஏறி விளையாடும் பெரிய பிள்ளைகளுக்குத் திடல் அமைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பட்டறைக்கு இரண்டு தம்பிகள் வந்து ஒரு பள்ளிக்காகப் போட்ட வரைபடத்தைக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 4 அடியில் ஒரு கயிற்று வலை, ஒரு குட்டி சறுக்குமரம். ஓரத்தில் 'மணல் பரப்பவும்' என்று ஒரே வரி. தொழிலுக்கு வந்த புதிதில் நான் போட்ட படம் அப்படியேதான் இருக்கும். துருப்பிடித்த போல்ட், கூரான முனையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உயரத்தைக் குறைத்தால் பத்திரம் என்பது

12 வயதுப் பையனுக்கு 4 அடி இரண்டு நாளில் சலித்துவிடும். அப்புறம் சறுக்குமரத்தின் கூரைமேல் நிற்பான், ஊஞ்சல் கம்பத்தின் உச்சிக்குப் போவான். அங்கே பிடிமானமும் இல்லை, கீழே மணலும் இல்லை. ஐரோப்பியத் தரவிதியே 3 மீட்டர் வரை அனுமதிக்கிறது, தரை அதற்கேற்றபடி இருந்தால்.

தரைக்குக் காசு வைக்காதது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒரு பள்ளிக்கு ஏறி விளையாட 2 மீட்டர் உயர இரும்புக் கூண்டு செய்து கொடுத்தோம். பணம் முழுக்கப் பைப்புக்கும் வெல்டிங்குக்கும் போய்விட்டது. ஆற்று மணல் கட்டுப்படியாகவில்லை என்று எம்-சாண்ட் ஒரு லோடு இறக்கி, 4 இன்ச் பரப்பினோம். சரி, மணல்தானே என்று நானும் தலையாட்டினேன்.

எம்-சாண்ட் கல்லை உடைத்துச் செய்வது. துகள் கூர்கூராக இருக்கும், தூளும் கலந்திருக்கும். மழை பெய்து வெயில் காய்ந்தால் பாளமாக இறுகிவிடும். உருண்டையான ஆற்று மணல், விழுகிறவரின் எடைக்கு நகர்ந்து விலகும். அடி குறைவது அதனால்தான். அடுத்த பருவத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை நழுவி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் போய் அவள் விழுந்த இடத்தில் விரலை ஊன்றிப் பார்த்தேன். நகம் மடங்கியது, மண் அசையவில்லை. கூண்டைப் பிரித்து எடைக்குப் போட்டார்கள். கூண்டில் ஒரு குறையும் இல்லை.

2 மீட்டர் உயரத்துக்குத் தூள் இல்லாத மணல் 30 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், 3 மீட்டருக்கு 40. சுற்றிலும் 2 முதல் 2.5 மீட்டர் வரை பரப்ப வேண்டும். அடியில் ஜல்லி போட்டுத் தண்ணீர் வடிய வழிவிடுங்கள். கம்பிக்கு நேர் கீழே மணல் கால் பட்டு ஒதுங்கிக்கொண்டே இருக்கும்; வாரம் ஒருமுறை வாரி நிரப்ப ஓர் ஆளை முதலிலேயே பேசிவிடுங்கள். ரப்பர் தரை என்றால், எத்தனை மீட்டருக்குச் சோதித்தது என்ற சான்றிதழைக் கேளுங்கள். சிமென்ட் தளத்தின்மேல் விரித்த 1 இன்ச் பாய் இந்த உயரத்துக்குப் போதாது.

தடித்த பைப்

2 இன்ச் ஜிஐ பைப்பின் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர். பிள்ளையின் விரல் சுற்றி மூடாது. கைப்பிடிக்கு 1 இன்ச் அல்லது ஒன்றேகால் இன்ச்.

இடைவெளி

கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 9 முதல் 23 சென்டிமீட்டர் வரை இடைவெளி வேண்டாம். உடம்பு நுழையும், தலை சிக்கும்.

ஐடி கார்டும் துப்பட்டாவும்

ஏறும்போது கம்பியில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். கழற்றி மாட்ட, நுழைவிலேயே கொக்கி அடியுங்கள்.

சின்னப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவது

முதல் கம்பியைக் கொஞ்சம் உயரமாகவே வைக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது. பிஇடி சார்களிடம் நான் கேட்டுக்கொள்வது, எட்டாத பிள்ளையைத் தூக்கிவிடாதீர்கள் என்பதுதான். மேலே போன பிறகு அதற்கு இறங்கத் தெரியாது.